கொட்டகைகள் ஏன் மூடுகின்றன?

சென்னை அண்ணா சாலைத் தபால் நிலையத்தைச் சேர்ந்த பழைய கட்டடம் ஒன்றில் இன்று தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு நடந்து வருகிறது. 1913-ஆம் வருஷத்தில் அது ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ என்னும் படக் கொட்டகையாக இருந்தது. இரண்டே வருஷங்களில் அது கைமாறித் தபால் இலாகாவின் சொத்தாயிற்று. அந்நாளில் டெலிவிஷன் கிடையாது. வீடியோ காஸெட் கிடையாது. கைக்குள் வைத்துப் படம் பார்க்கும் கருவியும் கிடையாது. ஊமைப் படத்தையே ஜனங்கள் பேரதிசயமாகக் கண்டுவந்த காலம். அப்படியிருந்தும் கொட்டகை மூடப்பட்டது. ஒரு தியேட்டர் மூடப்பட்டதென்ற செய்தி வரும்போதெல்லாம், ஜனங்கள் வீட்டிலேயே படம் பார்த்துவிடுகிறார்கள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது இப்போது வழக்கமாகியிருப்பதால் இந்தப் பழைய சங்கதியை நினைவூட்டுகிறோம். அந்தச் சமாதானம் பாதி உண்மையே. அதை முழு உண்மையாகக் கொண்டால் பரிகாரமும் தவறிப்போகும்.

மூடப்பட்ட கொட்டகைகள் எங்கே இருந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். 1964-இல் மூன்று திரைகளுடன் எழுந்த ஸபையர் அண்ணா சாலையில் இருந்தது. அதன் ப்ளூ டயமண்டில் எந்நேரத்திலும் நுழைந்து எந்நேரத்திலும் வெளியேறலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் அங்கே உண்டு. 1994-இல் அது போயிற்று. 1961-இல் திறக்கப்பட்டு, பிறகு நடிகர் சிவாஜி கணேசன் குடும்பத்தாரின் உடைமையாயிருந்த சாந்தி தியேட்டரும் அதே சாலைதான், 2016-இல் மூடியது. 1983-இல் தொடங்கிய அசோக் நகர் உதயம் 2024-இல் மூடியது. 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யுடன் கதவு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அதுவும் இன்று இல்லை. ஜன நடமாட்டம் மிகுந்த இடங்களிலேயே இவை அனைத்தும் இருந்தன. கூட்டம் வராத இடமென்பதால் இவை அழிந்தன என்று யாரும் சொல்ல முடியாது. இடத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போக, அதன்மேல் நடக்கும் தொழிலின் வரும்படி அந்த அளவுக்கு ஏறவில்லை. ஒரு கிரவுண்டு மனை என்ன விலைக்குப் போகிறதென்பதை அறிந்தவர், அப்படிப் பல கிரவுண்டுகளில் பாதியைச் சைக்கிளும் மோட்டாரும் நிறுத்த விட்டுவிட்டு, மீதியில் தினம் நாலு காட்சி நடத்திக்கொண்டிருக்கப் பெரும் ஆசையோ பெரும் பிடிவாதமோ வேண்டும். கட்டியவருக்கு அது இருந்தது. மகனுக்கும் ஓரளவு இருந்திருக்கலாம். பேரன்மார் ஐவர் பாகம் கேட்கும்போது கொட்டகையை ஐந்தாக வெட்ட முடியாது. விற்றுத்தான் பங்கிட முடியும். எத்தனையோ கொட்டகைகளின் கதை சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில்தான் முடிந்திருக்கிறது.

தொழிலின் வரும்படி ஏன் ஏறவில்லை? முன்பு ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் பிரதிகள் எடுப்பார்கள். பெரிய நகரத்திலே மூன்று நான்கு கொட்டகைகளில் அது நூறு நாள் ஓடும். பிறகு அந்தப் பெட்டி சிற்றூர்களுக்குப் போகும். ஆயிரம் இருக்கைகள் கொண்ட மண்டபங்கள் அந்த ஏற்பாட்டுக்கென்றே கட்டப்பட்டவை. டிஜிட்டல் முறை வந்தபின் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. பத்து நாளில் பார்க்கிறவர் எல்லாரும் பார்த்துத் தீர்த்துவிடுகிறார்கள். நாலு வாரத்தில் அதே படம் வீட்டுத் திரைக்கும் வந்துவிடுகிறது. முதல் வாரத்து வசூலில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். நட்சத்திர நடிகர் படமானால் முன்பணமும் கட்ட வேண்டும். கூட்டம் வடிந்தபின் கொட்டகைக்காரருக்குப் பங்கு கூடும்; ஆனால் அப்போது பங்கு போட என்ன இருக்கிறது? முப்பது பேருக்காக ஆயிரம் பேர் மண்டபத்தைக் குளிரவைக்கும் மின்சாரக் கட்டணமே மிச்சம்.

சர்க்காரும் இதில் நிரபராதியல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமுலுக்கு வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம் வரி; அது போதாதென்று உள்ளாட்சிக் கேளிக்கை வரியாக 30 சதவீதம் என்றார்கள். தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நாலு நாள் கதவடைத்தன. பின்னர் இரண்டு வரிகளும் குறைக்கப்பட்டன. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் மூடப்பட்ட கொட்டகைகள் நவம்பர் 10-ஆம் தேதியே திறக்கப்பட்டன, அதுவும் பாதி இருக்கைகளுக்கே. அந்த எட்டு மாதங்களிலும் கடன் வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

கொட்டகைக்காரர்களின் பிழையையும் மறைப்பது நியாயமாகாது. கிழிந்த நாற்காலி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டிய கழிப்பிடம், டிக்கெட்டை விட விலை கூடிய சோளப்பொரி ஆகியவற்றைச் சகித்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை முறை வரும்?

இனி, மூடாமல் கைமாறும் கொட்டகைகளின் விஷயம். 1974-இல் ஆரம்பித்த சத்யம் தியேட்டரிலிருந்து வளர்ந்த எஸ்.பி.ஐ. ஸ்தாபனத்தை 2018-இல் சுமார் 850 கோடி ரூபாய் மதிப்பில் வடநாட்டைச் சேர்ந்த பி.வி.ஆர். வாங்கியது. 2023-இல் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் ஒன்றாயின. அவை சுத்தமாக நடக்கின்றன, ஒலியும் ஒளியும் உயர்தரம் என்பதை நாம் மறுக்கவில்லை. வெளியூர் முதல் என்பதற்காக மட்டும் நாம் ஆட்சேபிப்பதுமில்லை. ஆனால் எந்தப் படம் எத்தனை காட்சி ஓடலாம் என்ற தீர்மானம் முன்பு தெருவுக்குத் தெரு இருந்த நூறு முதலாளிகளிடம் இருந்தது. அவர்களில் ஒருவர் மறுத்தால் இன்னொருவர் எடுப்பார். அந்தத் தீர்மானம் ஓரிரு காரியாலயங்களில் போய்ச் சேருமானால், நட்சத்திரமில்லாத புதுப் படத்தை எடுத்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இரண்டாவது, கூலிக்காரனின் இருக்கை. தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் வாங்கியவர்களால் வளர்ந்தது தமிழ் சினிமா. பொருட்காட்சி போன்ற மாலின் நாலாவது மாடிக்கு அவர்கள் ஏறுவதற்கே கூசுகிறார்கள். நாடகமோ சங்கீத சபையோ அவர்களுக்கு என்றும் எட்டியதில்லை. எட்டிய ஒன்றும் இப்போது விலகிப் போகிறது.

நஷ்டத்தில் தொழிலை நடத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டத்தை நாம் கோரவில்லை, அது அநீதி. நூறு ரூபாய்க்குட்பட்ட டிக்கெட்டின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகியிருப்பது நல்ல காரியம். மாநில சர்க்கார் அத்தகைய டிக்கெட்டுகளுக்குக் கேளிக்கை வரியை அடியோடு நீக்க வேண்டும். பெரிய மண்டபத்தை இரண்டு மூன்று சிறு திரைகளாகப் பிரிக்க விரும்புவோரை ஒவ்வொரு இலாகாவாக அலையவிடாமல், ஒரே மனுவில் குறித்த காலத்துக்குள் அனுமதி தர வேண்டும். கொட்டகையை இடித்து மாடி வீடுகள் கட்டுவோர் அதே கட்டடத்தில் முந்நூறு இருக்கைகளுடன் ஒரு திரையேனும் வைத்தால், கூடுதல் தளத்துக்கு அனுமதி என்ற சலுகையை அளிக்கலாம். சாலை விஸ்தரிப்புக்கு நிலம் விட்டுக்கொடுப்போருக்கு இத்தகைய சலுகை இப்போதே இருக்கிறது. நாம் கேட்பது நூதனமான காரியமல்ல. கட்டட வரைபடம் கையெழுத்தாவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.