இருட்டில் பேசும் செல்கள்

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் வெயில் தெருவிலிருந்து டச்சு அரண்மனைக்குள் நுழைபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? (கட்டியது போர்ச்சுகீசியர், 1555 வாக்கில். பழுது பார்த்த டச்சுக்காரர்களுக்குப் பெயர் போய்விட்டது.) பள்ளியறைச் சுவர்களில் ராமாயணமே ஓவியமாக விரிந்திருக்கிறது. ஆனால் வந்தவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள். சில நிமிடங்கள் கழித்துத்தான் உருவங்கள் துலங்குகின்றன.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் விழித்திரை. பகலுக்கும் நிறங்களுக்கும் கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல்கள், ஏறக்குறைய 12 கோடி. வெயிலில் வெளுத்துப்போன நிறமியை வைட்டமின் ஏ கொண்டு மறுபடி தயாரிக்க கூம்புகளுக்குச் சுமார் 10 நிமிடம் போதும். கோல்கள் முழுமையாகத் தேற அரைமணி நேரம் வரை ஆகும்.

விநோதம் என்னவென்றால், இந்த செல்கள் இருட்டில் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் ஒரு ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒளி பட்டால்தான் அடங்குகின்றன! அடுத்த அடுக்கு செல்கள் அந்த மௌனத்தைப் படித்து, அக்கம்பக்கத்தை ஒப்பிட்டு, விளிம்பையும் அசைவையும் பிரித்தெடுக்கின்றன. மூளைக்குப் போகும் நரம்பிழைகள் 10 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். ஆகவே கண்ணைக் கேமரா என்பது பாதி உண்மை. கேமரா ஃபிலிம் யோசிப்பதில்லை.

அரைமணி கழிந்தும் சுவரைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சினிமா கொட்டகையில் தடுக்கி விழும் சிறுவனை 'கண்ணு பொடனியிலா இருக்கு?' என்று திட்டுகிறோம். அது மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் குணமாகிவிடும். 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்ற பரம்பரை நோயானால் கதை வேறு. உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வருவது இது. முதலில் கோல்கள் சாகின்றன, பின்னால் கூம்புகளும். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகிறது. செல்களின் மின் சமிக்ஞையைப் பதியும் ஈ.ஆர்.ஜி. சோதனை இதைத் துவக்கத்திலேயே காட்டிவிடும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் பக்கத்தில் இந்தச் சோதனையைப் பற்றி எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? லேகிய விளம்பரங்களைத் தெரிந்த அளவுக்குத் தெரியாது.

சிகிச்சை? ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு 2017ல் அமெரிக்கா ஒரு மருந்தை அனுமதித்தது. இரு கண்ணுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட விலை எட்டரை லட்சம் டாலர்! அதைவிட நம்பிக்கை தருவது வேறொன்று. கோலும் கூம்பும் செத்த பின்னும் உள்ளடுக்கு செல்கள் பல உயிரோடு இருக்கின்றன. 2021ல் வெளியான ஆய்வில், பார்வையிழந்த 58 வயதுக்காரர் ஒருவரின் அந்த செல்களுக்கு, பாசியிலிருந்து எடுத்த மரபணு மூலம் ஒளியை உணரக் கற்றுக் கொடுத்தார்கள். விசேஷக் கண்ணாடி அணிந்து மாதக்கணக்கில் பழகினார். முகங்கள் தெரியவில்லை. ஆனால் மேஜைமீதிருந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கை நீட்டித் தொட்டார்.