விக்கிரகமும் விற்பனைப் பத்திரமும்

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் ஆலயத்திலிருந்து களவுபோன சோழர்கால நடராஜ விக்கிரகத்தை 2008-ஆம் ஆண்டில் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய கான்பெரா தேசியக் கலைக்கூடம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அதன் பூர்வீகத்தை நிரூபித்த பின்னர், 2014-இல் அதைத் திருப்பி அளித்தது. உலோகக் கலவையையும் சிற்ப லட்சணத்தையும் நுணுகி ஆராயப் பயின்ற நிபுணருக்கு, அபிஷேகமும் நைவேத்தியமும் பெறுதற்குரிய ஒரு மூர்த்தி யாருடைய சம்மதத்தின்பேரில் தன் ஊரைவிட்டு வெளியேறிற்று என்று, விற்பனைப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் வினவும் தர்மபுத்தியைப் போதிக்காத கல்வியை நான் பூரணமான கல்வியாகக் கருதமாட்டேன். சர்வதேச அருங்காட்சியக மன்றம் 1986-லேயே இதற்கான நெறிமுறைகளை வகுத்துவிட்டது. அவற்றை முதலாண்டு மாணவருக்கே, அர்ச்சகரையும் ஊர்ப் பெரியவரையும் ஆசிரியராக அமர்த்திக் கற்பித்தல் அவசியம்.