நாட்டுக்கே பம்பு செய்கிற மண்ணில் தொட்டிக்குள் இறங்குவது யார்?

2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் 'தொழில்துறை 5.0' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டது. உற்பத்தியும் லாபமும் மட்டும் போதாது, தொழில் மனிதரை மையமாகக் கொள்ள வேண்டும், இயற்கையைக் கெடுக்காமல் நீடிக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. நல்ல வார்த்தைகள். இவை கொங்கு மண்டலத்துக்கு வந்து சேரும்போது நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: மையத்தில் வைக்கப்படும் அந்த மனிதர் யார்?

'நீடித்த தொழில்' என்பதற்கு இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது திருப்பூர். சாயக்கழிவால் நொய்யல் செத்தது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நெருக்கடிக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கோடிக்கணக்கில் பணம் இறங்கியது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. விவசாயிகளின் போராட்டம் நியாயமானது. அதன் வெற்றியும் நியாயமானது.

அதே திருப்பூர் மாவட்டத்தின் கரைப்புதூரில், 2025 மே மாதம், ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூவர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். மனிதரை இப்படி இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013 முதல் இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. தண்ணீரைச் சுத்தம் செய்ய நவீன இயந்திரம் வாங்கத் தெரிந்த தொழில், மலத்தொட்டிக்கு வரும்போது மட்டும் சேரிக்கு ஆளனுப்புகிறது.

தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவை நாட்டுக்கே மோட்டார் பம்பு செய்து அனுப்புகிற ஊர். கழிவை உறிஞ்சும் லாரி எல்லா ஊரிலும் ஓடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் இளைஞர்கள் ஆள்நுழைவுக் குழியைச் சுத்தம் செய்ய ரோபோவே செய்துவிட்டார்கள். எல்லாம் இருந்தும் மனிதர் இறக்கப்படுகிறார் என்றால், இந்த வேலைக்கென்றே ஒரு சாதி இருக்கிறது, கூப்பிட்டால் வரும், செத்தாலும் கேட்க நாதியில்லை என்ற நினைப்புதான் காரணம். சாதி இருக்கும்வரை இயந்திரம் விலை கூடுதலாகவே தெரியும்.

ஐரோப்பாவில் அந்த அறிக்கை வெளியான அதே 2021 ஜனவரியில்தான், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனத்தின் திண்டுக்கல் மாவட்ட ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தச் சாவோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டு பிராண்டுகளும் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது குற்றமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. நிர்வாகம் மீறினால் ஆர்டரில் கைவைக்க பிராண்டுகளுக்குக் கடமை வந்தது.

மனிதரை மையமாக வைப்பது எப்படி என்பதற்கு நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. அதை எழுதியவர்கள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள். முதலாளிகளின் கருணையோ கருத்தரங்கத் தீர்மானமோ அதைக் கொண்டுவரவில்லை. சங்கம் இருந்தது, சாதியைச் சாதி என்று சொல்லும் துணிவு இருந்தது, மீறினால் நட்டம் வரும் என்ற பயம் இருந்தது.

இந்த மூன்றும் சாயப்பட்டறைக்கும் நூற்பாலைக்கும் பவுண்டரிக்கும் வர வேண்டும். ஒப்பந்தக்காரர்மீது பழியைப் போட்டு ஆலை முதலாளி தப்பிக்க முடியாத நிலை வேண்டும். நொய்யலுக்காக ஆலைகளை மூட முடிந்தது. தொட்டிக்குள் ஒரு மனிதரை இறக்கிய ஆலையையும் மூடுங்கள். அதன்பிறகு 'மனிதரை மையமாகக் கொண்ட தொழில்' பற்றிப் பேசலாம்.