கல்லீரல் நோயாளியின் கை அசைவு: கருவி வரும் முன் கவனிக்க வேண்டியவை

கல்லீரல் சுருக்க நோயில் (சிரோசிஸ்) அம்மோனியா போன்ற நச்சுகள் இரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும்போது, நீட்டிய கை சிறகடிப்பதுபோல் துவளும். இவ்வசைவை அளக்கும் அணிகருவிகள் இப்போது ஆராயப்படுகின்றன. ஆயினும் இதனைக் கண்டறிய உங்கள் கண்களே போதும்.

நோயாளி இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரிக்கட்டும். அரை நிமிடம் கவனியுங்கள். கை துவண்டாலோ, பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருமானூர் வட்டாரத்தினர் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மனக்குழப்பம், இரத்த வாந்தி, கருமலம் இருப்பின் உடனே 108-ஐ அழையுங்கள். கை துவளவில்லை என்பதாலேயே ஆபத்தில்லை எனக் கருத வேண்டாம்; தூக்க மாத்திரையும் தர வேண்டாம்.

இந்நிலை ஒருமுறை வந்திருப்பின், கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சையும் அடங்கும்.