நாய்க்கு மட்டும்தான் வார்ம்-அப்பா?

ஜேர்மனியில் ஏதாவது ஒரு நாய் விளையாட்டுப் போட்டிக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். கார் கதவு திறக்கும். முதலில் நாய் இறங்கும். அதைப் பத்து நிமிடம் நடத்துவார்கள், மெதுவாக ஓடவிடுவார்கள், தாழ்ந்த தடை ஒன்றிரண்டைத் தாண்டவிடுவார்கள். இதையெல்லாம் செய்கிறவரின் மற்றக் கையில் கோப்பிக் கோப்பை இருக்கும். பெயர் கூப்பிட்டதும் கோப்பையை வைத்துவிட்டு, விறைத்த காலோடு முழு வேகத்தில் ஓடத் தொடங்குவார்.

இதை நாய்ப் பாசம் என்கிறார்கள். நான் அரைப் பாசம் என்பேன்.

அஜிலிட்டியில் ஓடும்போது நாயையும் தொடக்கூடாது, தடையையும் தொடக்கூடாது. எங்களிடம் இருப்பது குரலும் உடலும் மட்டும்தான். எங்கள் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் நாய் அடுத்த தடையைத் தெரிந்துகொள்கிறது. நீங்கள் ஒரு அடி பிந்தினால் சைகையும் பிந்தும். அதற்குள் நாய் பாய்ந்துவிட்டிருக்கும். பிந்தி வந்த சைகைக்காக அந்தரத்தில் உடலை முறுக்கும், கோணலாக இறங்கும். பிழை உங்களுடையது. அடி வாங்குவது அதன் தோளும் முதுகும்.

"நாய்தானே ஓடுது, உனக்கென்ன?" என்று எங்கள் வீடுகளில் கேட்பார்கள். அம்மா கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். விளையாடுகிறவர்களே அப்படி நினைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜேர்மனியில் வளர்ந்த டூர்னியர்ஹுண்ட்ஸ்போர்ட்டைப் பாருங்கள். அதன் நாற்போட்டியில் கீழ்ப்படிதல் ஒன்று. மற்ற மூன்றும் ஓட்டம். ஹர்டில்ஸ் ஓட்டத்தில் மனிதரும் நாயோடு சேர்ந்து தாண்ட வேண்டும். வெளியோட்டம் 2,000 மீற்றர், 5,000 மீற்றர் என்று போகிறது. இதில் ஓடுகிறவர் விளையாட்டு வீரர் இல்லையென்றால் வேறு யார்?

சாட்டுகளும் தயாராக இருக்கும். முதலாவது: "ஒரு நிமிடம்கூட இல்லாத ஓட்டம்தானே." அதனால்தான் ஆபத்து. நீண்ட ஓட்டத்தில் உடல் போகப் போகச் சூடாகும். இங்கே முதல் அடியே முழு வேகம், அடுத்த நொடி திருப்பம், அதுவும் ஈரப் புல்லில். அந்த ஓட்டம் முடிந்து அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருப்பீர்கள். உடல் மறுபடி குளிர்ந்துவிடும். காலையில் ஒரு தடவை செய்த வார்ம்-அப் மத்தியானத்துக்கு உதவாது.

இரண்டாவது: "நான் இளம் ஆள், எனக்குத் தேவையில்லை." 2008இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்றில் கால்பந்து ஆடிய 1,892 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். வயது 13 முதல் 17. ஓட்டம், தசை வலு, சமநிலை எல்லாம் சேர்ந்த வார்ம்-அப் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அது கால்பந்துதான். ஆனால் திடீரென ஓடி, நின்று, திரும்புகிற முழங்காலுக்கு முன்னால் போவது பந்தா நாயா என்று தெரியாது.

மூன்றாவது: "எல்லாரும் பார்ப்பார்கள், வெட்கம்." உங்களில் எத்தனை பேர் பரதம் படித்தீர்கள்? தட்டடவை முதலில் எந்தக் காலத்தில் ஆடினீர்கள்? முதலாம் காலம், பிறகு இரண்டாம் காலம், அதற்குப் பிறகுதான் மூன்றாம் காலம். எடுத்த எடுப்பில் யாரும் மூன்றாம் காலத்தில் குதிப்பதில்லை. எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம் இது. புல்தரையில் மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நாயை நடத்தும் அந்தப் பத்து நிமிடம் உங்களுடையதும்தான். வேகமாக நடவுங்கள், பிறகு மெதுவாக ஓடுங்கள். கணுக்காலைச் சுழற்றுங்கள். காலை முன்னும் பின்னும் வீசுங்கள். பக்கவாட்டில் ஓடுங்கள். கடைசியாக மூன்று நான்கு குறுகிய ஓட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகமாக, திருப்பத்தோடு. ஒரே நிலையில் நின்று தசையை நெடுநேரம் இழுத்துப் பிடிப்பதை ஓட்டத்துக்குப் பிறகு வையுங்கள். ஓடுவதற்குச் சற்று முன் செய்தால் தசையின் விசை கொஞ்ச நேரத்துக்குக் குறையும். பெயர் கூப்பிடும் வரை ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கிழமையில் இரண்டு நாள் ஸ்குவாட் செய்யுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாய் சூடேறாமல் தடைக்குப் போனால் சத்தம் போடுகிறீர்கள். மனிதர் அப்படிப் போனால் ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்? பயிற்சி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தை ஆட்களுக்கென்று எழுதி வையுங்கள்.

உங்கள் நாய் உங்களை நம்பித்தான் அந்தத் தடையை நோக்கிப் பாய்கிறது. அடுத்த சனிக்கிழமை கோப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு அதோடு சேர்ந்து ஓடுங்கள்.