குசினிப் புகைக்குப் பொறுப்பாளி யார்?

ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அங்கு எம்மோடு பேசிய பெண்ணுக்கே தொல்லை வரும். காலை ஐந்து மணி. லயன் காம்பராவின் பின்புறத்தில், இருவர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத ஓர் இடுக்கில் அடுப்பு எரிகிறது. எரிவது கவ்வாத்து வெட்டிய மிலாறு. முந்திய நாள் மழையில் நனைந்தது. கூரையிலே புகைபோக்கி இல்லை. சுவரிலே சாளரம் இல்லை. கதவைத் திறந்தால் குழந்தைக்குக் குளிர். மூடினால் குழந்தைக்குப் புகை. அந்தத் தாய் மூடித்தான் வைத்திருந்தாள். இடுப்பிலே பத்து மாதக் குழந்தை. அதன் மூச்சு இழுபடும் ஓசை இஸ்தோப்பில் நின்ற எமக்குக் கேட்டது. அந்த மாதத்தில் அக்குழந்தை இரண்டாம் முறையாக வைத்தியசாலைக்குப் போய் வந்திருந்தது. அங்கே தாய்க்குக் கிடைத்த புத்திமதி, பிள்ளையை அடுப்படியில் வைத்திருக்க வேண்டாம் என்பதாகும்.

வேறெங்கே வைப்பது? அவள் அங்கே இதைக் கேட்கவில்லை. அவளுக்காக நாம் கேட்கிறோம்.

இது வெறும் கண்ணெரிச்சல் பற்றிய முறைப்பாடு அன்று. விறகு முற்றாக எரியாதபோது எழும் புகையிலே, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் மிதக்கின்றன. மூக்காலும் தொண்டையாலும் தடுக்க முடியாத அவை நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. மூச்சுக் குழாயிற் படியும் கிருமியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்குகின்றன. உள்ளே புகுந்த கிருமியை விழுங்கி ஒழிக்கும் கலங்களைச் சோரச் செய்கின்றன. புகை கிருமியைக் கொண்டுவருவதில்லை. காவற்காரனை மயக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறது. கிருமி தானே வருகிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தைக்குக் கீழ்ச்சுவாசத் தொற்று வரும் அபாயத்தை இப்புகை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே.

புகை திறந்துவைத்த கதவால் நுழையும் கிருமிக்கு, லயன் காம்பராவில் வேறு உபசாரமும் காத்திருக்கிறது. ஒரே அறையில் பாட்டன், பாட்டி, தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் படுக்கிறார்கள். பாட்டனின் இருமல் பேரனின் இருமல் ஆவதற்கு ஓர் இரவு போதும். காசநோய்க்கும் இதுவே வழி. அக்குழந்தையின் உடலிலோ எதிர்த்து நிற்க வலு இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீடு சொல்வதைப் பாருங்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிப் போனோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர், தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். புகை, நெருக்கம், பசி என்னும் மூன்றும் ஒரு கூரையின் கீழ் குடியிருக்கின்றன. இவற்றுள் ஒன்றையேனும் அந்தத் தாய் தேர்ந்தெடுத்தாளா?

எம் வாசகரில் விவசாயிகள் பலர் உளர். “எங்கள் வீட்டிலும் விறகுதானே எரிகிறது?” என்று அவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். குசினி தனியாக, வீட்டுக்கு அப்பால், முற்றத்தைத் தாண்டி நிற்கும். கிடுகு வேய்ந்த கூரை புகையைத் தானே கசியவிடும். வெக்கையான ஊர், கதவை மூட எவருக்கும் மனம் வராது. படுக்கை வேறிடம், அடுப்பு வேறிடம். காணி சொந்தமாக இருந்தவனுக்கு இது முடிந்தது. லயத்திலே இருப்பவனுக்கு முற்றமும் சொந்தமில்லை, சுவரும் சொந்தமில்லை. ஓர் ஓட்டையைப் போடுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். இவ்வளவு இருந்தும் எம் பாட்டிமார் இருமாமலா இருந்தார்கள்? இப்போது சீமெந்து வீடு கட்டி, அடுப்பை வீட்டுக்குள் இழுத்து, புகைபோக்கியை மறந்துவிடுகிற எம்மவரும் இதை வாசித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அந்தத் தேயிலையை வாங்கிக் குடித்தவர்களின் ஊருக்குப் போவோம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரம் நிலக்கரிப் புகையில் மூழ்கியது. சில வாரங்களில் 4,000 பேர் அதனால் மாண்டனர் என அப்போது கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர் அத்தொகையை 12,000 வரை கொண்டுபோயுள்ளனர். அங்கும் புகையில் பெரும்பங்கு வீட்டு அடுப்பிலிருந்தே எழுந்தது. ஆங்கிலேயப் பாராளுமன்றம் செய்தது என்ன? 1956இல் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. (1956 என்றதும் எம் வாசகருக்கு வேறொரு சட்டம் நினைவுக்கு வரும், அது இருக்கட்டும்.) புகைக் கட்டுப்பாட்டு வலயங்களிலே வீட்டடுப்பைப் புகையற்றதாக மாற்றுவதற்கு ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளூராட்சி மன்றம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பிள்ளையை அடுப்படியில் வைக்காதே என்று புத்தி சொல்லிவிட்டுக் கைகழுவவில்லை. பணத்தை எடுத்து வைத்தது.

அதே நாட்டில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்திற் பிறந்த குழந்தைகளை டக்ளஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, 1966இல் வோலர் என்பாருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். காற்றில் மாசு கூடக் கூடக் குழந்தைகளின் கீழ்ச்சுவாசத் தொற்றும் கூடிற்று. அழுக்குக் காற்று வசதியுள்ளவர் பிள்ளையையும் தொழிலாளியின் பிள்ளையையும் ஒன்றுபோலவே தாக்கிற்று. இதன் பொருளை எம் படித்த வர்க்கத்தார் சற்று ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும். ஏழைத் தாயின் அறியாமையே நோய்க்குக் காரணம் என்றால், மாசுள்ள ஊரிலே படித்த தாயின் பிள்ளை தப்பியிருக்க வேண்டும். தப்பவில்லை.

எதிர்க்கட்சி வழக்கறிஞர் எழுந்து நிற்பது எமக்குத் தெரிகிறது. அவர் கையிலும் சான்றுகள் உண்டு. மறைப்பது எம் தொழிலுக்கு அழகன்று. குவாத்தமாலா மலைநாட்டிலே, ஏறத்தாழ எம் மலையகத்தைப் போன்ற குளிரிலே, சுமார் 500 வீடுகளை எடுத்து, ஒரு பகுதியினருக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு: குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது, கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது, ஆயினும் எல்லா நியூமோனியாவையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு உறுதிப்படவில்லை. மலாவியில் புகை குறைந்த அடுப்பைக் கொடுத்துச் செய்த பரிசோதனையில், 2017இல், பயனே காணப்படவில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு நாடுகளின் கிராமங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு எரிவாயுவே கொடுத்துப் பார்த்தனர். புகை வெகுவாகக் குறைந்தும் சிசுக்களின் கடும் நியூமோனியா குறைந்ததாக நிறுவப்படவில்லை.

ஆகவே அடுப்பை விட்டுவிடலாம் என்பாரா அவர்? சான்று அதைச் சொல்லவில்லை. நெருக்கமும் பசியும் அயல்வீட்டுப் புகையும் அப்படியே இருக்க, ஓர் அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு நோய் போகவில்லையே என்று கைவிரிப்பது நியாயமன்று என்றே சொல்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் லொறியில் வந்திறங்கும் இலவச அடுப்பு எம் குழந்தைகளைக் காக்காது. வீடு, எரிபொருள், உணவு மூன்றையும் சேர்த்துக் கேட்பதற்கு இதைவிட வலுவான ஆதாரத்தை எதிர்த்தரப்பே எமக்குத் தந்திருக்க முடியாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1994இல் வகுக்கப்பட்டு 2008இல் திருத்தப்பட்ட ஒழுங்குவிதிகள் உண்டு. நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீற்றருக்கு 25 மைக்கிரோகிராமை மிஞ்சலாகாது என்கின்றன. நன்று. ஆனால் அவை பேசுவது வெளிக்காற்றை. விறகடுப்பு எரியும் மூடிய குசினியிலே சமையல் வேளையில் அந்த அளவு நூற்றுக்கணக்கில் ஏறும். தெருவிலே பேருந்தின் புகையை அளக்கும் சட்டம் லயன் வாசற்படியிலே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

அரசியலமைப்பை நாடலாமா? போதிய உணவும் உடையும் வீடும் உள்ளிட்ட வாழ்க்கைத் தரம் எல்லாப் பிரசைகளுக்கும் உண்டு என்று 27ஆம் உறுப்புரை அழகாகப் பேசுகிறது. இரண்டு உறுப்புரை தள்ளி, 29இல், இவை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்தப்படலாகாது என்று எழுதியிருக்கிறது. பிரதேச சபையை நாடலாமா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் போகாமல் முப்பது ஆண்டு மறித்து நின்றது, 2018இலேதான் திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்குப் பாதை இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரனைப் பிடிக்கலாமா? யார் அவன்? 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிருவாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்து, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் எழுதியது. அரசைக் கேட்டால் குத்தகைக்காரனைக் காட்டுகிறது; குத்தகைக்காரனைக் கேட்டால் அரசையும் நம்பிக்கை நிதியத்தையும் காட்டுகிறான். குடியிருப்பவனுக்கோ உறுதி இல்லை. புகை மட்டும் எவருடைய விலாசமும் கேளாமல் உள்ளே வந்து போகிறது.

புகைபோக்கிக்குப் பணமில்லை என்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்ததுண்டா? அங்கும் விறகுதான் எரிகிறது. ஆனால் ஒரு துளி புகையும் கொழுந்தைத் தொடாது. உலையின் புகையைக் குழாயினூடே உயர்ந்த புகைபோக்கிக்கு அனுப்பி, சுத்தமான சூடான காற்றை மட்டுமே இலையின் மேல் விடுகிறார்கள். புகைவாடை ஏறிய தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் விலை விழும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகப் புகையின் கேட்டை அறியாத நிருவாகம் ஒன்றும் மலைநாட்டில் இல்லை. இலைக்குச் செய்ததைப் பிள்ளைக்குச் செய்யவில்லை, அவ்வளவே.

எரிவாயுவுக்கு மாறட்டும் என்கிறார்கள். 2021 ஒக்டோபர் முற்பகுதியில் 1,500 ரூபாவுக்கும் குறைவாயிருந்த 12.5 கிலோக் கொள்கலம், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாள் கொழுந்து பறித்தால் ஒரு கொள்கலம். அந்த ஐந்து நாளும் வயிற்றுக்கு என்ன போடுவது? பின்னர் விலை ஓரளவு இறங்கியது. சம்பளமும் 2024இல் 1,350 ரூபாவாயிற்று. ஆனால் அந்த ஆண்டில் அடுப்படிக்குத் திரும்பிய மிலாறு பல வீடுகளில் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

எம் வாசகர்களான வைத்தியர்களை ஒன்று வேண்டுகிறோம். இருமலோடு வரும் ஒவ்வொரு குழந்தையின் குறிப்பிலும், வீட்டில் எரிவது என்ன, புகைபோக்கி உண்டா, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். பதியப்படாத நோய்க்கு நிவாரணம் கேட்டு எந்த மன்றத்தில் நாம் நிற்பது? பொறியியலாளர்கள் ஒரு லயத்துக்குப் புகைபோக்கி போட ஆகும் செலவைக் கணக்கிட்டுத் தரட்டும். சட்டத்தரணிகளாகிய எம் பங்குக்கு ஒரு வாசகத்தை எழுதிவைத்துள்ளோம். மலையகத்துப் பிரதிநிதிகளும் வடக்குக் கிழக்குப் பிரதிநிதிகளும் சேர்ந்து இதைத் தனியார் பிரேரணையாகச் சபையில் வைக்கட்டும். எதிர்த்து வாக்களிப்போர் யாரென்று பார்ப்போம்.

“தொழிலாளர் குடியிருப்புக்கென வைத்திருக்கப்படும் ஒவ்வொரு வீட்டிலும், படுக்கும் அறையிலிருந்து சுவரால் பிரிக்கப்பட்ட சமையலிடத்தையும், அதற்கு ஒரு சாளரத்தையும், புகையைக் கூரைக்கு மேல் வெளியேற்றும் புகைபோக்கியையும் அமைத்துப் பேணுதல் அந்நிலத்தை உரிமையாகவோ குத்தகையாகவோ வைத்திருப்பவரின் கடமையாகும், அதற்கான நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை அரசாங்கம் வழங்குதல் வேண்டும், எஞ்சிய செலவின் எப்பங்கும் குடியிருப்பவரின் வேதனத்திலிருந்து கழிக்கப்படலாகாது.”