தியலுமவுக்கு மேல பூனாகலை இருக்கு

குளிர் நாடுகளில் அருவி பார்க்கப் போகிறவர்கள் வசந்த காலத்துக்காகக் காத்திருப்பார்கள். மலையில் உறைஞ்சு கிடக்கிற பனி உருகினாத்தான் அங்கே தண்ணி பெருகும். ஊவாவில் பனி கிடையாது, நமக்கு மழைதான். ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும் அதைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் ஜனவரி வரைக்கும் மலையை நனைக்கும். பதுளைப் பக்கம் துன்ஹிந்த, எல்ல - வெல்லவாய வீதியோரம் இராவணா, கொஸ்லந்தைப் பக்கம் தியலும, எல்லாமே அப்போதான் பார்க்கிற மாதிரி இருக்கும். காலையில் கிளம்பி, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிடலாம்னு கூட்டம் வர்றதும் அதுக்குத்தான்.

வரட்டும். ஆனா அந்தத் தண்ணி எங்கே இருந்து வருதுன்னு வர்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

தியலுமவின் உயரம் 220 மீற்றர். பம்பரகந்தவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. அதில் விழுவது பூனாகலை ஓயா. பூனாகலைச் சரிவுகளில் தேயிலை இருக்கு, கான் வெட்டின மலை இருக்கு, லயம் இருக்கு. லயத்துத் தகரத்தில் விழுகிற அதே மழைதான் கீழே படத்துக்கு அழகாக விழுது.

2014 ஒக்டோபர் 29 காலை, அதே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம், ஆட்கள் அங்கிருந்து போகணும்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னாடியே சொல்லியிருந்தது. சொன்னது சரி. காணி உறுதி இல்லாத குடும்பம் எங்கே போகும்? பிழைத்தவர்களுக்குப் புது வீடு கிடைக்க 2016 ஆனது. அதுவரைக்கும் பல குடும்பங்களின் வாழ்க்கை ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்ள. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது.

இப்போது அந்த நிறுவனம் மழையை அளந்து எச்சரிக்கை கொடுக்குது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினா மஞ்சள்: விழிப்பா இருங்க. 100 தாண்டினா செம்மஞ்சள்: வெளியேறத் தயாரா இருங்க. 150 தாண்டினா சிவப்பு: வெளியேறுங்க. இந்த மூன்று எண்ணும் லயத்தில் இருக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. மஞ்சள் வந்தாலே உங்க பயணத்தைத் தள்ளிப் போடுங்க. தியலும மேல் குளங்களில் வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும், மேலே பூனாகலையில் மழை கொட்டும். தண்ணி ஏறுறதைக் கண்ணால் பார்த்துட்டு ஓட நேரம் இருக்காது. தெளிவா இருந்த தண்ணி கலங்கினா, இலையும் குச்சியும் மிதந்து வந்தா, சத்தம் மாறினா, அந்த நிமிசமே கரையேறணும். படம் அப்புறம்.

'இப்படிப் பயமுறுத்தினா எங்க பொழப்பு என்னாகும்?' என்று ஓட்டோ ஓட்டுற தம்பிமார் கேட்பாங்க. நியாயமான கேள்வி. தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் நம்ப முடியாத வீடுகளுக்கு வழிகாட்டுற வேலையும், ரோட்டோரத்துச் சோளமும் இளநீரும்தான் கைச்செலவு. அதனால்தான் மழை விட்டு, நாலு நாள் வெயில் பார்த்த பிறகு வாங்கன்னு சொல்றேன். தண்ணி அப்பவும் இருக்கும். வழி தெரிஞ்ச உள்ளூர் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் 'இன்னைக்கு வேணாம்'னு சொன்னா பேரம் பேசாதீங்க. அன்றைக்கு அவருடைய கூலியைக் கொடுத்துட்டுத் திரும்பினாக்கூட நட்டமில்லை.

இதிலே ஒரு வித்தியாசத்தை மறந்துடக் கூடாது. எச்சரிக்கை வந்தா நாம பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடலாம். லயத்து அம்மாவுக்கு அதுதான் வீடு. இரவு மழை கூடினா பிள்ளைகளை எழுப்பிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போகணும், விடிஞ்சா அதே காம்பராவுக்குத் திரும்பணும், அன்றைக்கும் கொழுந்து எடுக்கணும். சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இதெல்லாம் மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள். அவங்களுக்கும் அது தெரியும். இல்லாதது போக்கிடம்.

சுற்றுலா வரைபடத்தில் எல்லக்கும் தியலுமவுக்கும் இடம் கிடைச்சாச்சு. அந்த மலையில் வாழ்கிற குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் உறுதியும் இன்னும் முழுசாகக் கிடைக்கலை. எச்சரிக்கை மட்டும் கொடுத்துட்டுக் காணி கொடுக்காத அரசு பாதி வேலையைத்தான் செய்திருக்கு. மிச்சப் பாதியைக் கேட்கிறது லயத்துக்காரங்க வேலை மட்டும்னு விட்டுட முடியாது. அந்தத் தண்ணியில் குளிச்சவங்களும் கேட்கலாம்.

இந்த மழைக்குத் தியலும படம் போடுறவங்க ஒரு வரி சேர்த்துப் போடுங்க: இது பூனாகலைத் தண்ணி, அங்கே ஆட்கள் இருக்காங்க, அவங்களுக்குக் காணி வேணும்.